முட்டுக்கட்டை

கெட்ட வார்த்தை வாயில் வராமல் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால், அதற்குத் தமிழில் ஒரு சௌகரியமான சொல் இருக்கிறது. முட்டுக்கட்டை. கல்யாணப் பேச்சு கூடி வருகிற சமயத்தில், “ஜாதகத்தை இன்னொரு தரம் பார்த்துவிடலாமே” என்கிற பெரியப்பா முட்டுக்கட்டை. மனுவைப் புரட்டிப் புரட்டிக் கேள்வி கேட்கிற குமாஸ்தா முட்டுக்கட்டை. ஆளுங்கட்சிக்கு எதிர்க்கட்சி முட்டுக்கட்டை. எதிர்க்கட்சியைக் கேட்டால் ஆளுங்கட்சிதான் முட்டுக்கட்டை. தானும் செய்யாமல், செய்கிறவனையும் விடாமல் குறுக்கே நிற்கிறவன் என்று அந்தச் சொல்லுக்கு நாம் ஓர் அர்த்தத்தைக் கொடுத்து, வெகு காலமாக அதையே கட்டிக்கொண்டு வாழ்கிறோம்.

உண்மையில் முட்டுக்கட்டை என்பது தேரோடு பிறந்த சாமான். தேரைச் செய்கிற தச்சன் சக்கரத்தையும் அச்சையும் செய்துவிட்டு, அதே கையோடு அதையும் செய்துவைக்கிறான். அது இல்லாமல் எந்த ஊரிலும் தேரை நிலையிலிருந்து கிளப்ப மாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விஜயநகரத்து அரச குமாரர் விருப்பண்ண உடையாரின் பெயரால் அந்த உத்ஸவத்தை விருப்பன் திருநாள் என்று சொல்வார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் முதல் நாளே வந்து குவிந்துவிடுவார்கள். விடிந்தால் நம்பெருமாள் தேரில் எழுந்தருள்வார். நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றித் தேர் நிலைக்கு வர வேண்டும். அத்தனை பேருடைய கண்ணும் வடத்தின் மேல் இருக்கும். இல்லாவிட்டால் பெருமாளின் மேல் இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி, இரண்டு கையாலும் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, தேரோடு தேராக நகர்ந்து வருகிற அந்தச் சில பேரை யாரும் பார்ப்பதில்லை.

தேர் என்பது விசித்திரமான வாகனம். அதற்குத் திருப்புகிற சக்கரம் கிடையாது. அச்சு நேராகப் பொருத்தியது; நேரே போவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் ஸ்ரீரங்கத்தில் நான்கு முனைகளில் அது திரும்பியாக வேண்டும். அங்கேதான் கட்டைக்கு வேலை. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும். மறுபக்கம் முன்னால் போகும். தேர் கொஞ்சம் முகத்தைத் திருப்பும். மறுபடியும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் திரும்பும். வீதி சாய்வாக இருந்து தேர் வேகமெடுத்தால் இரண்டு பக்கமும் கொடுத்து அடக்க வேண்டும். இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேரை ஓட்டுகிறவர்கள், நியாயமாகப் பார்த்தால், கட்டை போடுகிற இந்தச் சில பேர்தான்.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்று பழமொழி உண்டு. ஊர் கூடித் தேரை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. இழுப்பதற்கு ஊர் வேண்டும். நிறுத்துவதற்கு விஷயம் தெரிந்த நாலு பேர் போதும் என்பதால் இருக்கலாம். திருவள்ளுவர் தேரை நன்றாகக் கவனித்திருக்கிறார். பெரிய தேருக்குச் சின்ன அச்சாணி எப்படியோ, அப்படிப்பட்டவர்களை உருவத்தைக் கண்டு இகழாதே என்று வினைத்திட்பத்தில் ஒரு குறள் செய்தார். மயிலிறகுதானே என்று அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் இன்னொன்று செய்தார். அச்சாணிக்கு இவ்வளவு பெரிய கௌரவம் கிடைத்தது. கட்டைக்குக் கிடைத்தது வசவுதான்.

இந்த அநியாயம் என் மனசில் பட்டது தேர்த் திருவிழாவில் அன்று. திருச்சிக்குக் கிழக்கே, துவாக்குடிப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில்தான் பட்டது. நண்பர் ஒருவர், “காற்றாலைக்குக் கோபுரம் செய்கிறார்கள், வந்து பாருங்கள்” என்று கூட்டிக்கொண்டு போனார். ராஜகோபுரத்தைத் தினம் பார்க்கிறவனுக்குக் கோபுரம் என்றால் சபலம் தட்டாமல் இருக்குமா? போனேன்.

முதலில் எனக்கு எழுந்த சந்தேகம் வாசகர்களுக்கும் எழும். திருச்சியில் காற்று ஏது? ஆடி மாதத்தில் காவேரிக் கரையில் கொஞ்சம் வீசும், அம்மி பறக்கும் என்று சொல்லிக்கொள்வோம், அத்தோடு சரி. காற்றாலைக்கு வேண்டிய காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து வருவது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய மூன்றின் வாசலில்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. காற்று அங்கே இருக்க, கோபுரத்தை இங்கே எதற்காகச் செய்ய வேண்டும்?

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் 1928-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்தில் வைத்திருந்த பெரிய பட்டறையை அந்த வருஷம் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் கொண்டுவந்து நிறுவியது. பட்டறையோடு தொழிலாளிகளும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதுவரை நெல், வாழை, சுருட்டு, செயற்கை வைரம் என்று இருந்த ஊருக்கு இரும்பின் சத்தம் வந்தது. ரயில் எஞ்சினை அப்படியே அந்தரத்தில் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, பழுதுபார்த்து, மறுபடியும் அதே சக்கரங்களின் மேல் இறக்குவது அங்கே அன்றாட வேலை. பிற்காலத்தில் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சினே செய்து கொடுத்த பட்டறை அது.

தூக்குகிற காரியத்தில் கூட இருந்து கயிறு கட்டி, சங்கிலி மாட்டி, கை காட்டுகிறவர்களுக்கு ரயில்வேயில் கலாசி என்று பெயர். இந்தச் சொல் கப்பலிலிருந்து கரைக்கு வந்தது. கப்பலில் பாயைக் கட்டவும் பாரத்தை ஏற்றவும் இருந்தவர்கள்தான் முதல் கலாசிகள். அவர்கள் தங்களுடைய பாஷையையும் கூடவே கொண்டுவந்தார்கள். பாரத்தை மேலே தூக்க வேண்டுமென்றால் ‘ஹாபிஸ்’. கீழே இறக்க வேண்டுமென்றால் ‘ஆரியா’. ஆரியா என்றதும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதற்கும் நம்முடைய ஆரிய திராவிட வாதத்துக்கும் சம்பந்தமில்லை. கயிற்றை இறக்கு என்று போர்ச்சுக்கீசிய மாலுமிகள் சொன்ன சொல் அது. நானூறு வருஷத்துக்கு முந்திய கப்பலின் குரல் இந்தியாவின் பட்டறைகளில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கலாசியின் வித்தை எவ்வளவு பெரியது என்பதைக் கேரளத்துக்காரர்கள் ஒரு துக்கத்தின் மூலம் தெரிந்துகொண்டார்கள். 1988 ஜூலை 8-ஆம் தேதி கொல்லத்துக்குப் பக்கத்தில் பெருமண் பாலத்திலிருந்து ரயில் ஒன்று அஷ்டமுடிக் காயலில் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த பெட்டிகளை வெளியே எடுக்க, பேப்பூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக் கலாசிகளை வரவழைத்தார்கள். மரக்கலம் கட்டி நீரில் இறக்கிப் பழகிய பரம்பரை அது. கப்பி, கயிறு, ஒரே தாளத்தில் எழும்புகிற குரல், இவைதான் அவர்களுடைய ஆயுதங்கள்.

பொன்மலைக்கு அப்புறம் திருச்சியின் சரித்திரத்தில் இரண்டாவது இரும்பு அத்தியாயம் 1965-ல் தொடங்கியது. அந்த வருஷம் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு வேலையை ஆரம்பித்தது. ஊரில் அதற்குப் பெயர் ‘பெல்’. மின்சார நிலையத்துக் கொதிகலனின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஓர் உருளை உண்டு. தடித்த எஃகுத் தகடுகளை வளைத்து, பற்றவைத்து அதைச் செய்கிறார்கள். பெரிய நிலையத்துக்கு உரியதென்றால் எடை நூறு டன்னைத் தாண்டும். தகடு வளைப்பது, பற்றவைப்பது, வைத்த பற்று உள்ளே சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என்று மூன்று வித்தைகளும் இந்த ஊரில் வேர் விட்டன. பெல்லுக்கு உபரி வேலை செய்து கொடுப்பதற்காகத் துவாக்குடியிலும் சுற்றிலும் சின்னப் பட்டறைகள் முளைத்தன. பெல்லில் வேலை குறையும்போது அந்தப் பட்டறைகள் வேறு வேலை தேடின. அப்படித் தேடிக்கொண்ட வேலைகளில் ஒன்றுதான் காற்றாலைக் கோபுரம். காற்று கணவாயில் இருந்தாலும் கைகள் இங்கே இருந்தன.

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை என்று ஒன்று வந்தது 1986-ல். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில். அன்றைய இயந்திரம் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரே இயந்திரம் 2 மெகாவாட், 3 மெகாவாட் என்று கொடுக்கிறது. மாநிலத்தில் நிறுவியிருப்பது மொத்தம் 10,000 மெகாவாட்டுக்கு மேல். இயந்திரம் வளர வளரக் கோபுரமும் வளர்ந்தது. 13 நிலை கொண்ட ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். இப்போது வருகிற காற்றாலைக் கோபுரங்கள் 100 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

பட்டறையில் நான் பார்த்தது கோபுரத்தின் ஒரு துண்டுதான். முதலில் ஒரு தகடு வருகிறது. நீளம் பன்னிரண்டரை மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர், கனம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 7 டன்னுக்கு மேல் போகும். மூன்று உருளைகளுக்கு நடுவே அதைக் கொடுத்து, அப்பளம் வளைவது போல வளைத்து, இரண்டு விளிம்பும் சேர்கிற இடத்தில் பற்றவைத்தால் நாலு மீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் கிடைக்கிறது. அதற்கு ‘ஷெல்’ என்று பெயர். இப்படி எட்டு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பற்றவைத்தால் 20 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். எடை 60 டன்னை நெருங்கிவிடும். இது போல நாலைந்து துண்டுகள் சேர்ந்தது ஒரு கோபுரம்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி அதை இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் நம்மில் எல்லோரும் சின்ன வயசில் கேட்டிருக்கிறோம். அளந்து ஆராய்ந்தவர்கள் அது ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்தது என்கிறார்கள். இதனால் ராஜராஜனுடைய பெருமை குறைந்துவிடாது. தூக்க முடியாததைத் தூக்கக்கூடிய துண்டுகளாக்கி, மேலே போய் ஒன்றாக்குவதுதான் புத்திசாலித்தனம். துவாக்குடியிலும் அதைத்தான் செய்கிறார்கள். நமக்குத்தான் ஒரே கல் வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் கண்டேன். அந்தப் பிரம்மாண்டமான குழாயைக் கூடிய மட்டும் அவர்கள் தூக்குவதே இல்லை, சுற்றுகிறார்கள். ரப்பர் உறை போட்ட உருளைகள் ஜோடி ஜோடியாகத் தரையில் நிற்கின்றன. குழாய் அவற்றின் மேல் படுத்துக்கொண்டு மெதுவாகப் புரள்கிறது. பற்றவைக்கிற கருவி ஒரே இடத்தில் நிற்கிறது. கோபுரம்தான் அதன் முன்னால் சுழன்று தன் உடம்பைக் காட்டுகிறது. குயவனுடைய சக்கரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கச் சாதுவான காட்சிதான். ஆனால் உருளைகள் ஒன்றுக்கொன்று நூல் பிடித்த மாதிரி அமையாவிட்டால், குழாய் சுற்றுகிறபோதே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நடக்க ஆரம்பிக்கும். 60 டன் ஓசைப்படாமல் நடந்து போவதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொதிகலன் உருளை கனமானது. ஆனால் முரட்டு உடம்பு. கோபுரத் துண்டு அப்படியல்ல. அதன் அகலத்துக்குத் தகடு மெல்லியது. சரியாகத் தாங்கிப் பிடிக்காவிட்டால் தன் கனத்தாலேயே வட்டம் குலைந்து முட்டை வடிவமாகிவிடும். அதற்காக இரண்டு வாயிலும் உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்கிறார்கள். கயிறு கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு டன் பாரத்தை இரண்டு கயிற்றில் தூக்கினால் ஆளுக்கு அரை டன் என்று நாம் கணக்குப் போடுவோம். கயிறுகள் செங்குத்தாக இருந்தால் அந்தக் கணக்குச் சரி. அவை சாய்ந்து, படுக்கைக் கோட்டோடு 30 பாகைக் கோணத்துக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு கயிறும் முழுசாக ஒரு டன் இழுவையைத் தாங்குகிறது. பாரம் கூடவில்லை, கயிறும் மாறவில்லை, சாய்வு மட்டும் மாறியிருக்கிறது. வள்ளுவருடைய மயிலிறகு வண்டி இதுதான்.

அன்று ஒரு துண்டை உருளையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. மேலே ஓடுகிற கிரேன்கள் இரண்டும் இரண்டு முனையைப் பிடித்தன. கீழே ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். ரிக்கர் என்றார்கள், கலாசியின் இன்றைய பெயர் அது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. விரலை அசைத்தார், 60 டன் எழுந்தது. உள்ளங்கையைச் சாய்த்தார், நகர்ந்தது. பரத நாட்டியத்தில் முத்திரை பிடிக்கிற மாதிரி. கிரேன் ஓட்டுகிற இருவரும் அவர் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கொண்டுபோய் வைத்த பிறகு பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“நீங்கள் சொல்வதை மட்டும்தான் அவர்கள் கேட்பார்களா?”

“ஆமாம் சார். தூக்கு, இறக்கு, இடம், வலம் எல்லாம் ஒரே ஆள்தான் காட்டணும். முதலாளி வந்து சொன்னாலும் மேலே இருக்கிறவன் கேட்கக் கூடாது. ரெண்டு பேர் கை காட்டினா சாமான் யார் மேலயாவது வந்து நிற்கும்.”

“ஏதாவது ஆபத்து உங்கள் கண்ணில் படாமல், இன்னொருவர் கண்ணில் பட்டால்?”

“நிறுத்தறது மட்டும் வேற கணக்கு சார். அதுக்கு ஆள் கணக்குக் கிடையாது. டீ கொண்டுவர்றவன் ரெண்டு கையையும் விரிச்சு நிறுத்துன்னாலும் நிறுத்தியாகணும். ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.”

இது அவர் தாமாகக் கண்டுபிடித்த விதி அல்ல. கிரேன் வேலைக்கு உலகமெங்கும் உள்ள விதி இதுதான். நகர்த்தச் சொல்ல ஒருவன். நிறுத்தச் சொல்ல யார் வேண்டுமானாலும். ராஜ்ய சாஸ்திரத்தைப் பற்றிப் பெரிய பெரிய புஸ்தகங்கள் இருக்கின்றன. அதிகாரத்தை எங்கே ஒருவனிடம் குவிக்க வேண்டும், எங்கே எல்லோருக்கும் பங்கிட வேண்டும் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ரோமாபுரியில் இதே சங்கடம் 1586-ல் வந்தது. ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற போப்பாண்டவர், எகிப்திலிருந்து பழங்காலத்தில் கொண்டுவந்த ஒற்றைக் கல் ஸ்தூபியை அர்ச். பேதுரு ஆலயத்து முன்றிலுக்கு நகர்த்தச் சொன்னார். எடை 300 டன்னுக்கு மேல். தொமேனிகோ ஃபொன்தானா என்ற சிற்பி அந்தப் பொறுப்பை ஏற்றார். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆட்கள், குதிரைகள், சுழல்மரங்கள் என்று திரட்டினார். எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. வேடிக்கை பார்க்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் தண்டனை என்று கட்டளை. இதற்கு மேல் வருவது கர்ண பரம்பரைக் கதை. கல் பாதி எழும்பிய சமயத்தில் கயிறுகள் உரசிச் சூடேறி அறுந்துவிடும் போலிருந்ததாம். கூட்டத்திலிருந்த ஒரு மாலுமி, “கயிற்றுக்குத் தண்ணீர்!” என்று கத்தினானாம். தண்ணீர் ஊற்றினார்கள், கயிறு பிழைத்தது, கல்லும் பிழைத்தது. போப்பாண்டவர் அவனைத் தண்டிக்காமல், குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை கொடுக்கிற உரிமையை அவன் குடும்பத்துக்கு அளித்தாராம். கதையோ நிஜமோ, ஒன்று நிச்சயம். ஊர் முழுவதும் கதையாக்கிக் காப்பாற்றி வைத்திருப்பது அந்த ஒருவனுடைய சத்தத்தைத்தான். தொள்ளாயிரம் பேர் இழுத்ததை அல்ல.

நம் ஊரில் இந்த மாதிரிக் கதை இல்லை. தூக்கி நிறுத்தியதற்கு நம்மிடம் கதைகள் உண்டு, நியாயமாகவே உண்டு. அச்சுத தேவராயர் காலத்தோடு நின்று போய், நானூறு வருஷம் மொட்டைக் கோபுரம் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்ததை அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் சுவாமி தள்ளாத வயசில் எடுத்து முடித்து, 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்துவைத்ததை நினைத்தால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது. எங்கள் பாட்டி கடைசி வரையில் அதை மொட்டைக் கோபுரம் என்றேதான் சொன்னாள், பழக்கம் விடவில்லை. எழுப்பியவர்கள் நினைவில் நிற்கட்டும். ஆனால் எத்தனையோ வருஷம், எத்தனையோ சாரத்தின் அடியில் நின்று, “பொறு, கயிறு சரியில்லை” என்று சொன்ன குரல்களும் அங்கே இருந்திருக்கும் அல்லவா? அவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நடக்காமல் போன விபத்துக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

நடந்த விபத்துக்குத்தான் தேதி உண்டு. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி விடியற்காலையில், தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் வீதி வலம் வந்தது. திருப்புகிற இடத்தில் தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். பாரத்தைக் கையாளுகிறவன் கீழே சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலேயும் ஒரு கண் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். கோபுரத் துண்டுகளையும் கொதிகலன் உருளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற பல சக்கர டிரெய்லர்களோடு ஆட்கள் கூடவே நடந்து போவதை மதுரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். பின்னால் ஹார்ன் அடிக்கிற கார்க்காரர்களுக்கு அவர்கள் முட்டுக்கட்டைதான்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கிரேன், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தரமாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும், நிர்ணயித்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது, கிரேன் ஓடுகிற பாதையருகில் ஆள் வேலை செய்தால் அவனுக்கு ஆறு மீட்டருக்குள் கிரேன் வரக் கூடாது என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். கயிற்றைப் பரிசோதிக்கச் சட்டம் போடலாம். வாயைத் திறக்கிற தைரியத்தை எந்தச் சட்டம் போட்டு வரவழைப்பது?

அந்த ரிக்கரிடம் கடைசியாக அதைத்தான் கேட்டேன். டீ கொண்டுவருகிறவர் நிஜமாகவே கையை விரிப்பாரா என்று. அவர் சிரித்தார்.

“விரிக்க மாட்டான் சார். பயம். நாள் கூலிக்கு வந்தவன், பாஷை தெரியாத ஊரிலிருந்து வந்தவன், நேத்து சேர்ந்தவன், இவனுங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும். ஆனா வாய் வராது. லோடு இன்னிக்கே போகணும்னு எல்லாரும் பறக்கறப்ப, நாம நிறுத்தச் சொல்லி அது ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா ஏச்சு விழுமேன்னு நினைக்கறான். அதனால புதுசா யார் வந்தாலும் முதல் நாள் ஒரு தரம் அவனைவிட்டு நிறுத்தச் சொல்லுவேன். சும்மாவாச்சும். கிரேன் நிக்கும். நாம சொன்னா இவ்வளவு பெரிய சாமான் நிக்குதான்னு அவனுக்கே ஆச்சரியமா இருக்கும். அப்புறம் பயம் போயிடும்.”

இவர் எங்கே படித்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டிலும் காரியாலயத்திலும் சபையிலும் இப்படி ஒரு தரம் சும்மாவாவது நிறுத்திப் பார்க்கும்படி சின்னவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ சமயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்கச் சொன்ன பெரியப்பாவைக்கூட அவசரப்பட்டு வைய முடியவில்லை. அவர் வெறும் வம்புக்குச் சொல்லியிருக்கலாம். ஏதாவது தெரிந்தும் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

தேரும் இரும்பும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைக்க வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். கொதிகலன் செய்கிற அதே திருச்சித் தொழிற்சாலைதான் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. பிரேக் வந்துவிட்டதே என்று முட்டுக்கட்டைக்காரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஆழித்தேர் இன்றைக்கும் வீதியில் வரும்போது கட்டைகள் கூடவே வருகின்றன. பிரேக்குக்கு அழுத்தினால் பிடிக்கத் தெரியும். எப்போது பிடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டியிருக்கிறது.

அடுத்த சித்திரையில் ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், பெருமாளைச் சேவியுங்கள். கீழச் சித்திரை வீதி முனையில் தேர் திரும்பும்போது ஒரு நிமிஷம் குனிந்து சக்கரத்தின் பக்கமும் பாருங்கள். கட்டையைக் கொடுத்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டு, நசுங்கிய கட்டையைத் தூர எறிந்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டுகிற ஒருவர் அங்கே இருப்பார். அவர் உங்களைப் பார்க்க மாட்டார். சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்க அவருக்கு நேரமில்லை.